கதவு பூட்டியிருந்ததாம்

காட்டோரப் புதர் ஒன்றில் செம்பி என்ற கௌதாரி இருந்தது. அதன் குஞ்சுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மலைக்கு அந்தப் பக்கமிருந்த அக்கா கௌதாரி, மருந்து வேரைப் பார்சலில் அனுப்பியிருந்தது.

காலையிலிருந்து செம்பி புதரை விட்டு நகரவில்லை. இலை அசைந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தது. மத்தியானம் பார்சல் காகம் தலைக்கு மேலே பறந்தபடியே கத்தியது.

"வந்தேன், கதவு பூட்டியிருந்தது. நாளைக்கு வரேன்!"

"புதருக்கு ஏதுப்பா கதவு?" என்று செம்பி கேட்பதற்குள் காகம் மறைந்துவிட்டது.

குஞ்சைப் பக்கத்து முயலிடம் விட்டுவிட்டு, செம்பி பார்சல் ஆபீசுக்கு ஓடியது. அங்கே மூட்டைகள் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"உங்க பார்சல் டெலிவரிக்குப் போயிருக்கும்மா. வீட்டுக்குப் போங்க, வந்துடும்."

"வீட்டிலிருந்துதான் வரேன். காகம் நாளைக்குன்னு சொல்லுது. பிள்ளை அதுவரைக்கும் தாங்காதுங்க."

"பதிவுல அப்படித்தான் இருக்கு."

அப்போதுதான் குரங்கின் வாலுக்கடியில், அக்கா கட்டிய நார் முடிச்சு செம்பியின் கண்ணில் பட்டது.

"கொஞ்சம் எழுந்திருங்க."

குரங்கு எழுந்து பார்த்தது. துளியும் வெட்கப்படவில்லை. ஒரு தேக்கிலையை நீட்டி, "இதுல கால் பதிச்சுட்டு எடுத்துக்குங்க" என்றது.

இலையில், 'வீட்டு வாசலில் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது.

செம்பி சண்டை போட வாயைத் திறந்தது. குஞ்சின் முனகல் நினைவுக்கு வந்தது. காலைப் பதித்துவிட்டு, வேரைக் கவ்விக்கொண்டு ஓடியது.

பொழுது சாயும்போது குஞ்சு கண் திறந்து, பசிக்கிறது என்றது. ஆபீசில் குரங்கு அந்தத் தேக்கிலையை, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி முகப்பில் மாட்டிக்கொண்டிருந்தது.