முப்பதாவது நேர்காணல்

போபோடிப் பகுதி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி சுப்ரஜா எழுதிய ஆய்வேடு நாலாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. "யார் பேசினதை எடுத்துப் போட்டாலும், அது பதிவுல எத்தனாவது நிமிஷம்னு அடிக்குறிப்புல இருக்கணும். திங்கட்கிழமை கடைசி நாள்" என்று நெறியாளர் ரோஹிணி மேடம் சொல்லிவிட்டார்.

மூன்று நாளாகக் கராடியில் இருக்கும் தன் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது வலித்தது. இருபத்தொன்பது பேரின் நிமிடங்களையும் ஒருவழியாகக் குறித்தாயிற்று. முப்பதாவது ஆள் என்று யாரும் கிடையாது. முப்பது பேர் வேண்டும் என்பது விதி. அலைந்து ஓய்ந்துபோன ஒரு நாளில் ஜெபகுமார் என்ற பெயரையும், 'சங்கு ஊதுறது நின்னு போச்சு, எனக்கு முழிப்பு மட்டும் அதே நேரத்துக்கு வருது' என்ற வரியையும் அவளே எழுதிச் சேர்த்திருந்தாள்.

அந்த வரியை அழிக்கப் போனபோது அடுத்த பதிவு தானாக ஓட ஆரம்பித்தது. மொத்தம் நாற்பத்தோரு நிமிடம்.

முதலில் அவளுடைய குரல்தான் கேட்டது, களைத்துப்போய். "உங்க பேரு சொல்லுங்க ஐயா."

"ஜெபகுமார்னே போட்டுக்கம்மா, பரவாயில்லை."

பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. பதினேழாவது நிமிடத்தில் அவர் அந்த வரியைச் சொன்னார், ஒரு சொல்கூட மாறாமல். சுப்ரஜாவுக்கு யோசிக்கத் தெம்பில்லை. அடிக்குறிப்பில் பதினேழு என்று தட்டினாள்.

"இதோட நிறுத்திடாதம்மா" என்றது குரல். "அடுத்து நான் சொன்னதையும் போடு."

இன்னும் இருபத்துநாலு நிமிடம் இருந்தது.