பதினைந்து பெயர்கள்

பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டம் எப்போதாவதுதான் அமையும். சுழற்பந்து வீசும் சகாயராணி அதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தாள். தேர்வுக் குழுத் தலைவி நளினி போனில் கூப்பிட்டபோது தூத்துக்குடி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராணி, டெஸ்ட் டீம்ல நீ இருக்கே. சாயங்காலம் அறிவிக்கப் போறோம்."

சகாயராணி கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய கரு. இது மூன்றாவது மாதம். கணவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"மேடம், நான் மாசமா இருக்கேன். என்னால வர முடியாது."



"முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா."

"சொல்லிருந்தா, என்னைய எடுத்திருப்பீங்களான்னு தெரியாமலே போயிருக்கும் மேடம்."

"சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்றார் நளினி.

"வச்சிராதீங்க மேடம். என் பேரை அடிக்கிறதுக்கு முன்னாடி, லிஸ்டை ஒரு தடவை வாசிங்களேன்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நளினி கேப்டனிலிருந்து தொடங்கி நிதானமாக வாசித்தார். ஏழாவதாக அவள் பெயர் வந்தது. சகாயராணி கண்ணை மூடிக்கொண்டு மீதி எட்டுப் பெயர்களையும் கேட்டாள். பதினைந்தும் முடிந்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.