விலக்கில் ஒரு பொத்தான்

ஊர்ப்பாதை பிரியும் விலக்கில், வருகிற வண்டியைக் கையைக் காட்டி மறித்துத்தான் அந்த ஊரே நான்குவழிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. சாலைப் பாதுகாப்பு நிதி கேட்டுப் போன சீனியம்மாளிடம் அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். "உயிர்ச்சேதம் ஆன இடத்துக்குத்தாம்மா மொதல்ல குடுப்பாங்க. உங்க ஊர் விலக்குல இதுவரைக்கும் யாரும் சாகலையே." அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதே விலக்கில் லாரி ஏறிய தன் வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி அவர் மேசைமேல் வைத்தாள். "இது செத்துப்போச்சு சார். இதை எழுதிக்கிடுங்க." எழுதினாரோ என்னவோ, நிதி வந்தது. சாலைக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டைகளும், ஓரத்தில் சிக்னல் கம்பமும், அதில் ஒரு பொத்தானும் வந்தன. திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் மாலையோடு நிற்க, அதே அதிகாரி, "நீங்களே அமுக்குங்கம்மா" என்றார். அமுக்கினாள். பேருந்து நின்றது. மணல் லாரிகள் நின்றன. விழாவுக்குப் பிந்தி வந்த கொடி கட்டிய காரும் நின்றது. சீனியம்மாள் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவளைப் போல நிமிர்ந்து, பட்டைமேல் ஊன்றுகோலை வைத்தாள். அவசரமே படவில்லை. பாதி வழியில் அவளுக்கான பச்சை அணைந்து, வண்டிகளுக்குப் பச்சை விழுந்தது. பழக்கத்தில் மறிக்கத் தூக்கிய கையை, இனி எதற்கு என்பதுபோல் இறக்கிக்கொண்டாள். ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. முன்வரிசையில் நின்ற லாரிக்காரர், அவளைப் பார்த்தபடியே சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார்.