ஏழு மணிக்குப் போன லைன்

செந்தமிழ்ச்செல்வி முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட பிறகும் மனசு அடங்காமல், தையல் மெஷினை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

வாசலில் ஊரே நின்றது. ஏழு மணிச் செய்தி ஆரம்பிக்கும்போது எல்லா வீட்டு டிவியும் ஒன்றாகப் படுத்துவிட்டால் ஊர் வேறெங்கே போகும்? கேபிள்காரன் வீட்டுக்குத்தான் வரும்.

கேபிள்காரன் தமிழழகன், அவள் புருஷன், உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் ஏரி மண். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற இந்த ஊர் ஏரியிலிருந்து ஒரு மாதமாக லாரி லாரியாக மண் போகிறது. எடுப்பவர் அய்யப்பன், இதே ஊர்க்காரர், கட்சியில் பெரிய கை. அவர் கட்சி சேனலில் இதற்குப் பெயர் தூர் வாருதல். விவசாயிகள் பூரித்துப் போயிருப்பதாகப் போன வாரம் காட்டினார்கள். பூரித்துப் போன விவசாயியாக அய்யப்பனின் மச்சானே வந்து சிரித்தார்.

நேற்று எதிர்க்கட்சி சேனல்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அது மண் கொள்ளை. மைக்கைப் பார்த்ததும் ஊரில் அத்தனை பேருக்கும் திடீரென்று வயலில் வேலை வந்துவிட்டது. பேசியது அமுதா ஒருத்திதான். லாரிக்குத் தோண்டிய பள்ளத்தில் அவளுடைய கறவை மாடு முழுகிச் செத்திருந்தது. அழுத வேகத்தில் அய்யப்பன் பெயரைச் சொல்லியே பேசிவிட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரர் செபாஸ்தியானும் பயிர் வைப்பதே அய்யப்பன் நிலத்தில்தான், குத்தகைக்கு.

அந்தச் செய்திக்காகத்தான் இன்று ஊர் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. போனில் பார்க்கலாம் என்றால், இங்கே டவர் கிடைப்பதற்குள் விடிந்துவிடும்.

கதவு தடதடத்தது.

"தமிழு, வெளிய வா. கரண்ட் இருக்குது, டிவி மட்டும் எப்டிப்பா போவும்?" மரவள்ளி போடுகிற செல்லமுத்துவின் குரல்.

செல்வி கட்டில் பக்கம் ஓடினாள். "ஏங்க, எங்கியோ ஒயரு அறுந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. போயிடுவாங்க."

"அறுந்தெல்லாம் போவல. நான்தான் ஆஃப் பண்ணேன்."

மத்தியானம் அய்யப்பனின் ஆள் வந்து போனதை அவளும் பார்த்திருந்தாள். செட்டாப் பாக்ஸ் ரிமோட் வேலை செய்யவில்லை என்று சொல்ல வந்தானாம். அப்படித்தான் புருஷன் சொன்னான், அவளும் நம்பினாள்.

"அவனுங்க சொல்லித்தான பண்ணீங்க?"

ஓட்டின் மேல் ஒரு கல் விழுந்து உருண்டது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கல் ஜன்னலுக்கு வருமா, தலைக்கு வருமா என்றுதான் நினைக்கத் தோன்றியது. தமிழழகன் எழுந்து தையல் மெஷினை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தான்.

ஆளாளுக்குப் பேசினார்கள். டிவிக்காரன்தான் கட்சிக்கு ஒன்றாகப் பொய் சொல்கிறான் என்றால் கேபிள்காரனும் சோரம் போய்விட்டானே என்றார் ஒருவர். நாளையிலிருந்து எல்லோரும் டிஷ்ஷுக்கு மாறிவிடப் போவதாகச் சொன்னார் இன்னொருவர். செல்லமுத்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றார்.

"அந்த ஆளு அவரு வூட்ல குந்திக்கினு இதப் பாக்கணும்னுதான் நாங்க காத்துக்கினு இருந்தோம். ஒரு பொம்பள, அவரு நெலத்துல இருந்துக்கினே தைரியமா பேசிச்சு. ஆம்பள, உனக்கு இன்னா வந்துச்சு?"

கூட்டம் அமுதாவைத் தேடிப் பிடித்து முன்னால் தள்ளியது. நீயே கேளு, நீயே கேளு என்றார்கள்.

அமுதா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"அவருகிட்ட உங்களுக்கு இன்னாண்ணா அப்டி பயம்?"

தமிழழகன் அவளைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்திதாம்மா."

கூட்டம் காறித் துப்பியது. யாரோ அவனுடைய பைக்கை எட்டி உதைத்துச் சாய்த்துவிட்டுப் போனார்கள். அவன் போய் அதைத் தூக்கி நிறுத்தினான்.

செல்விக்குப் பயம் தணிந்து அவமானம் ஏறியது. நாளைக்குத் தண்ணீர் பிடிக்க எந்த மூஞ்சியோடு தெருக் குழாய்க்குப் போவது என்று கேட்டாள். கட்டிக்கொண்டவன் இப்படித் தொடைநடுங்கியாக இருப்பான் என்று நினைக்கவே இல்லை என்றும் சொன்னாள்.

அப்போது பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். செல்வி அருவாமனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திறந்தாள்.

அமுதா நின்றிருந்தாள், தனியாக.

தனியாக வந்து இன்னும் நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று செல்விக்குத் தோன்றியது. கேட்கட்டும், நியாயம்தானே. "அவரு பண்ணது தப்புதான் அமுதா. உன் மொகத்தப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்குது" என்றாள்.

அமுதா அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். தமிழழகன் எழுந்து வந்தான். தெருப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அமுதா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மைக்கு நீட்டுனாங்க, நான் ஒண்ணுமே பேசலன்னு அய்யப்பன் வூட்ல சொல்லி வச்சிருக்கேண்ணா. காலையிலயும் அதத் திரும்பப் போடுவாங்களாம். இன்னிக்கு எனக்காக நிறுத்துன மாதிரி அப்பவும் நிறுத்திடுங்கண்ணா."