அளக்கிற படி

"பாஸ் பண்ணிடுங்க மேடம். அந்த ஒரு வரியை அப்புறம் பார்த்துக்கலாம்."

பலாமரக் கிளையில் மாட்டியிருந்த மஞ்சப்பைக்குள்ளிருந்து பிரகாஷின் குரல் வந்தது. அந்தக் கிளைக்குத்தான் சிக்னல் எட்டும். போனைப் பைக்குள் போட்டு ஸ்பீக்கரை வைத்துவிட்டு, மரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் அம்சவல்லி. யார் பேசினாலும் வாசல் முழுக்கக் கேட்கும். ஜவ்வாது மலையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதென்றால் அப்படித்தான்.

பிரகாஷ் பெங்களூரில் இருப்பவர். புதிதாக வந்த மேனேஜர்.

மலை ஊர்களின் சுகாதார நிலையங்களுக்காக இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்றை அவர்கள் கம்பெனி செய்கிறது. பழைய பெட்டியில் பதிவுகளைச் சேமிக்க இடம் போதவில்லை. புதியதில் பெரிய ஃபிளாஷ் மெமரி, பெரிய பார்ட்டிஷன். அது வேலை செய்ய, கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் என்ற நிரலை ஒருவர் மாற்றி எழுதியிருந்தார். அதைப் படித்துப் பார்ப்பது அம்சவல்லியின் வேலை. படிக்கிறவர் கைவைத்துத் திருத்தக் கூடாது. சரி என்று சொல்லலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். அதுதான் முறை.

விடிந்ததிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். தப்பு எதுவும் இருந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினாள். கண் எரிந்தது. முதுகு மரத்துப்போனது. எல்லாம் சரியாக வந்து, கடைசிப் பக்கத்தில் அந்த வரி கிடைத்தது.

"நாலு ஜிபி தாண்டினா கணக்கு திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துடும் சார். புதுசா வர்ற ஆளோட பதிவு, பழைய ஆளோடது மேலயே ஏறிடும்."

நாலு ஜிபி நிறைவதற்குள் சரி செய்து அனுப்பிவிடலாம் என்றார் பிரகாஷ்.

"பெட்டி மலை ஏறிட்டா அப்புறம் யாரும் வந்து பார்க்க மாட்டாங்க சார். இங்க பஸ்ஸே ஒழுங்கா வராது."

பிரகாஷ் பெருமூச்சு விட்டார். பிறகு விஷயத்தை உடைத்துச் சொன்னார். எழுதிய ஆள் கான்ட்ராக்டில் இருப்பவர். ஏற்கெனவே பல தடவை திரும்பிப்போன வேலை. இன்றைக்கும் பாஸ் ஆகவில்லையென்றால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இன்னும் ஒரு நாள் தரச் சொல்லி அம்சவல்லி கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றார்.

"அவருக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கும் மேடம்."

"இருக்கும் சார்."

யோசித்து வைக்கச் சொல்லி, டீ குடித்துவிட்டுக் கூப்பிடுவதாகப் போனை வைத்தார்.

எதிரே மாமியார் பாஞ்சாலி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் ஒரே மகனுக்கு அனுப்ப வேண்டும். செங்கம் போகும் பஸ் வருவதற்குள் மூட்டை கட்டியாக வேண்டும். அவள் ஊற்றிக் கொடுத்த கூழ் அம்சவல்லியின் பக்கத்தில் ஏடு கட்டிக் கிடந்தது.

"இன்னா தப்பாம் அது? காத்தாலேர்ந்து உன்ன எழுந்திருக்க வுடல."

"மூட்டை பெருசா வாங்கிட்டாங்க அத்தை. அளக்கிற படி மட்டும் பழைய சின்னப் படி. மீறினது வழிஞ்சி கீழ போயிடுது."

"வழிஞ்சதுக்கு அப்பறம் பெரிய மூட்டையில கொட்டி இன்னா புரோஜனம்?"

"அதேதான் அத்தை."

"அப்ப இன்னாத்துக்கு யோசிக்கிற? நம்ம ஊரு ஆசுபத்திரிக்குத்தான வருது அந்தப் பொட்டி? நாளைக்கி எனக்கே நெஞ்சி வலின்னு போனா, எவளோ ஒருத்தி கணக்க எம்மேல எழுதுமா? எவ பெத்த புள்ளையோ, அளக்கத் தெரியாதவன். வூட்டுக்கு அனுப்பு. நீ கூழக் குடி."

அம்சவல்லி மாமியாரின் முகத்தையே பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். முறத்திலிருந்து உமி பறந்து அவள் மடியில் விழுந்தது. தட்டி விட்டாள். அந்த வரிக்குக் கீழே காரணத்தை எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பிறகு திருப்பி அனுப்பினாள்.

கூழை எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கீழே வைத்தாள்.

மஞ்சப்பை மறுபடி ஒலித்தது.

"திருப்பிட்டீங்க," என்றார் பிரகாஷ். கோபம்கூட இல்லாத, அலுத்துப்போன குரல். "சரி. அந்த ஆளுக்கு நான்தான் மெயில் போடணும். பேர் என்ன?"

"முதல் வரியில இருக்குது சார். பாத்துக்குங்க."

"நீங்கதானே காலையிலேர்ந்து பார்க்கறீங்க, சொல்லுங்களேன்."

அம்சவல்லி லேப்டாப்பை மூடினாள்.

"பேரைச் சொல்லக்கூட மனசு வரலையா மேடம்? அவ்வளவு ஆகாதா உங்களுக்கு அவரை?"

பேரில் இன்னா இருக்கு, சொல்லித்தான் தொலையேன் என்று பாஞ்சாலி முறத்தைத் தட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். பைக்குள் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ம், இருக்கு. தேவராஜ் வேடியப்பன்."

முறம் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து மருமகள் வாயால் சொல்லாத பெயரும், மாமியார் வாயால் சொல்லாத பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சப்பைக்குள்ளிருந்து அந்த வாசல் முழுக்கக் கேட்டன.