பதிப்பு பதிப்பாக

திருவொற்றியூர் இணைய மையத்தில் பிற்பகல் வெயில் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது. மறைந்த கணவர் பீம்ராவின் கட்டுரைகள் உள்ள இணையதளத்தின் மென்பொருளைச் செங்கொடி புதிய பதிப்புக்கு உயர்த்திக்கொண்டிருக்கிறாள். தளத்தின் நகலைக் குறுந்தகட்டில் எடுத்தாகிவிட்டது. "இன்னாக்கா, நேரா கடைசி பதிப்புக்கே தாவ வேண்டிதானே?" என்கிறார் கடைக்காரர் அசோகன். "போன தபா தாவித்தான் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா பூட்ச்சு, நைனா. நகல் இருக்கவே தப்பிச்சேன்." ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு கட்டுரையைத் திறந்து, உதடசைய வாசித்த பின்னரே அடுத்ததற்கு ஏறுகிறாள். சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குச் சரக்கேற்றிய லாரி கடக்கையில் மேசை அதிர்கிறது. அவளது விரல் விசைக்கு மேலேயே காத்திருக்கிறது. இறுதிப் பதிப்பிலும் பீம்ராவின் எழுத்துகள் சிதையாமல் நிற்கின்றன. "இத்தெல்லாம் யாரு படிக்கிறாங்கோ, அக்கா?" என்று அசோகன் கேட்கிறார். இன்றைய வருகையாளர் ஒருவர் என்று திரை காட்டுகிறது. "நான்தான்," என்கிறாள்.