இன்னும் கொஞ்சம் வேகமாக

இரைச்சலைச் சற்றுக் குறைத்தான்.

காதில் ஹெட்போன். எதிரே மேசைமேல் சின்ன சிந்தசைசர், ஒலிகளை உண்டாக்கும் கருவி. அதில் கட்டைகள் குறைவு, குமிழ்கள் அதிகம். வலது கை, ஒலியை மழுக்கும் ஃபில்டர் குமிழின்மேல் இருந்தது. மயிரிழை கூடினாலும் ஒலி தண்ணீருக்கு வெளியே வந்துவிடுகிறது. மறுபடி உள்ளே தள்ளினான்.

தண்ணீருக்குள்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுத்த அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அப்படித்தான்.

அவளுடைய அம்மா பொள்ளாச்சிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அவளைப் பாத்துக்கோங்க மாப்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

பார்த்துக்கொண்டான். கஞ்சி வைத்தான். மாத்திரை எடுத்துக் கொடுத்தான். தொட்டில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்ததால் அவள் ஃபோனை வாங்கி ஒவ்வொன்றாக நிறுத்தினான்.

அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.



வாரம் முழுக்கக் கணினிமுன் வேலை. மௌஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கும். பொழுதுபோக்கான பாட்டையும் அதே திரையில், அதே மௌஸால் செய்யப் பிடிக்காமல்தான் இந்தக் கருவியை வாங்கினான். ஒலியின் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு குமிழ். தொட்டால் அந்தக் கணமே மாறும். இதற்குள் இருப்பதும் கணினிதான், பழைய மின்சுற்றுகளைப்போல் நடிக்கிற கணினி என்று அவனுக்குத் தெரியும்.

விரலுக்குத் தெரியாது.

"வாசிக்கறதே இல்லை. சும்மா திருகிக்கிட்டே இருக்கீங்க" என்று அவள் கேலி செய்வாள். அது முன்பு.

முதல் ஸ்கேனின்போது டாக்டர் இதயத்துடிப்பின் ஒலியைக் கூட்டி வைத்தார். ஈரத்துணியை யாரோ விடாமல், வேக வேகமாக உதறுவதுபோல் இருந்தது. அறை முழுக்க அதுவே. அவள் அவன் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த ஸ்கேனில் டாக்டர் ஒலியைப் போடவே இல்லை.

திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் தடவையே பதிவு செய்திருக்கலாம். ஃபோன் சட்டைப்பையில்தான் இருந்தது. அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

இப்போது விரலால் தேடிக்கொண்டிருக்கிறான்.

இரைச்சலில் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. உதறலின் முனையை மழுக்கினான். கிட்டத்தட்ட வந்துவிட்டது. கிட்டத்தட்ட.

யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினான்.

கதவருகே அவள். கலைந்த கூந்தல், கசங்கிய நைட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவன் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் பார்த்துவிட்டாள். அவன் அழுது அவள் இதுவரை பார்த்ததில்லை.

"என்னங்க கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லை. சும்மா."

அணைக்கப் போனான். அவள் அவன் கையை விலக்கிவிட்டு, ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

அவனுக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும்தான்.

முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு உதடுகள் பிரிந்தன. பிறகு அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புத்தான். உன் காதுல விழக் கூடாதுன்னுதான் நான்..."

அவள் ஹெட்போன் ஒயரைக் கருவியிலிருந்து பிடுங்கினாள். ஒலி அறைக்குள் வந்தது.

இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை மெதுவா இல்லீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் வேகமா இருந்துச்சு."

அவன் அவள் விரலை எடுத்து வேகத்துக்கான குமிழின்மேல் வைத்தான். அந்தக் கருவியை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. திருப்பினாள். அதிகமாகிவிட்டது. பின்னால் வந்தாள். கண்களை மூடிக்கொண்டு, ஊசியில் நூல் கோப்பவளைப்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி முன்னால் போனாள்.

நிறுத்தினாள்.

"இதுதான்."

இதுதான்.

"அணைச்சா போயிடுமா?" என்று கேட்டாள்.

"போயிடும். சேவ் பண்ணி வெச்சா இருக்கும்."

"வைங்க."

பொத்தானை அழுத்தினான். குமிழ்களுக்கு நடுவே இருந்த சிறிய திரை ஒரு பெயர் கேட்டது. முதல் எழுத்துக்கான இடத்தில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை பிறப்பதற்குமுன் பெயர் பேசக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். அவர்களும் பேசவில்லை. தங்களுக்குள்கூட.

ஏதாவதொரு எண்ணைப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினான்.

"எம்" என்றாள்.

அவளைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமிழைத் திருப்பினான். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக நகர்ந்து எம்மில் நின்றன.

"யு."

திருப்பினான்.

"கே."

திருப்பினான்.

"முகில்?" என்று கேட்டான்.

தலையசைத்தாள்.

"பையன்னாலும் பொண்ணுன்னாலும் சரியா வரும்னு வெச்சிருந்தேன்."

அவன் அடுத்த எழுத்தைத் தேடினான். குமிழை வேகமாகத் திருப்பிவிட்டதில் எழுத்துகள் தாண்டித் தாண்டி ஓடின. ஐ வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது.

அவன் கைமேல் அவள் கையை வைத்தாள்.

இரண்டு கைகளும் சேர்ந்து மெல்லத் திருப்ப, ஐ வந்து நின்றது.